அங்க பாரு

அண்ணி, இன்று காலை கச்சிராயபாளையம் டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு டீ வாங்கினேன். திரையில் இடிந்த வீடுகள். ஓர் அப்பாவின் கையில் வெள்ளைத் துணி சுற்றிய சின்ன உடம்பு. எந்த நாடு என்று கீழே எழுத்து ஓடியது. நீங்கள் இருந்திருந்தால் வழக்கம்போல "அந்த ஊரு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். 

அந்த ஊருக்காக நீங்கள் அழுதது கொஞ்சமா? கரும்பு வெட்டிவிட்டு வந்து, சோகை இலை கிழித்த கையைக்கூடக் கழுவாமல் டி.வி. முன்னால் உட்காருவீர்கள். "அய்யோ, அந்தப் புள்ள காலுல செருப்புகூட இல்ல பாரு தம்பி" என்பீர்கள். சோறு ஆறுகிறது, சேனலை மாற்றுங்கள் என்று நான் கிண்டல் செய்தால், "உனுக்குக் கடவுளு வயிறு மட்டுந்தான் குடுத்தாரா?" என்று ஒரு போடு போடுவீர்கள்.

நம் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் பழைய பஞ்சாயத்துத் தலைவரின் கரும்புக் கழனி. புதைப்பதுதான் நம் வழக்கம், பேருக்குத்தான் சுடுகாடு. கரும்பு வெட்டும்போது டிராக்டர் போக அவரே கழனியில் வழி விடுவார். வெட்டு முடிந்ததும் மூடிவிடுவார். நம் பிணம் போக வரப்புதான். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அதுவும் கிடையாது, வாய்க்காலில் இறங்கித்தான் தூக்க வேண்டும். அண்ணனைத் தூக்கிப் போனபோது பாடை சாய்ந்து, போட்ட மாலையெல்லாம் தண்ணீரோடு போனது. அதை நீங்கள் கரையில் நின்று பார்த்தீர்கள்.

காரியம் முடிந்ததும் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். நானும் கூட வந்தேன்.

"டிராக்டரு போற அகலம் வேணாங்க. நாலு பேரு தூக்கிக்கினு போற அகலம் வுட்டாப் போதும்" என்றீர்கள்.

உள்ளே டி.வி.யில் அதே அந்த ஊர்தான். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"அங்க பாரும்மா, ஒரே குழியில அத்தினி பேரையும் போட்டு மூடறாங்க. பொதைக்க எடமில்ல. உனுக்கு எடம் இருக்குது, போற வழியில கொஞ்சம் சேறு. இதுக்கா வந்து நிக்கற?"

நீங்கள் எட்டி அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தீர்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அந்த ஊரு பொம்பளகிட்டப் போயி, கச்சிராயபாளையத்துப் பக்கம் தண்ணியில பொணம் தூக்கறாங்க, நீ அழுவாதன்னு சொல்லுவீங்களா தலைவரே?"

அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

திரும்பி வரும்போது நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "அவரு வருத்தப்படறது நெசந்தான் தம்பி. ஆனா அந்த ஊரு பொணத்தத் தூக்கியாந்து நம்ம வழியில போட்டு மறிக்கறாரு பாரு, அதான் தாங்கல."

அப்புறம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த ஊருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முன்வரிசையில் தலைவர். அவர் இருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டுமா என்று நான் முறுக்கிக்கொண்டேன். "அவருக்காவவா போறேன்?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்கினீர்கள். மெழுகு கையில் வழிய வழிய, கடைசிவரை நின்றீர்கள். எனக்கு அன்றைக்கு உங்கள்மேல் கோபம். இப்போது அந்தக் கோபம் இல்லை.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். விடாத மழை, வாய்க்காலில் தொடையளவு தண்ணீர். தலைமாட்டுப் பக்கம் நான் பிடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் சேற்றைக் காலால் துழாவித் துழாவித்தான் வைத்தேன். உங்கள் பாடை சாயவில்லை அண்ணி. மாலையில் ஒரு பூகூடத் தண்ணீரோடு போகவில்லை. அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

இன்று டீக்கடையில் தலைவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் டி.வி. பக்கம் கையை நீட்டினார். "அங்க பாரு தம்பி. உங்க அண்ணி வழி வழின்னு கேட்டுக்கினே இருந்துச்சே. அங்க பாரு, இன்னா கொடுமை நடக்குது."

எனக்குக் கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"பாத்துக்கினுதான் இருக்கறேன் தலைவரே. எங்க அண்ணி உங்களவிட ஜாஸ்தி பாத்துச்சு, ஜாஸ்தி அழுவுச்சு. அங்க பாத்தாச்சு. இப்ப கொஞ்சம் இங்க பாருங்க. நாலு பேரு தூக்கிக்கினு போற அகலம். வுடுவீங்களா, மாட்டீங்களா?"

 டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டி டி.வி. சத்தத்தைக் குறைத்தார். தலைவர் கிளாஸை வைத்துவிட்டு, "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனார்.

அப்புறம் என்றால் எப்போது? புரட்டாசி முடியப்போகிறது. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. காலனியில் கடைசி வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். சவாரி ஏற்றுகிறேன், இறக்குகிறேன், மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சாயங்காலம் மறுபடியும் அவர் வாசலுக்குப் போகிறேன். அன்றைக்கு வாய்க்காலைத் தாண்டி உங்களை இறக்கி வைத்தோம் என்று ஊரே சொல்கிறது. நான் இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை அண்ணி.