ரயிலில் எடுக்காத போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது மீட்டிங்கில் இருந்தேன் என்றது பொய். மேனேஜரோடு சுரங்க ரயிலில் நின்றிருந்தேன். சட்டையெல்லாம் சிமெண்டாக ஒருவர், "தம்பி, தமிழா? ஆஸ்பத்திரிக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்டார். மேனேஜர் முன்னால் அவரோடு பேச வெட்கப்பட்டு, புரியாதவன்போல் உதட்டைப் பிதுக்கினேன். அந்த நேரம் பார்த்து என் கையில் போன் அடித்தது. திரையில் பெரிதாக, தமிழில், 'அம்மா'. அவரும் பார்த்துவிட்டார்.

"எடுங்க தம்பி, அம்மா காத்திட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று ஸ்டேஷன் இருந்தது.

எந்த வாயால் உன்னிடம் பேசியிருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு அம்மா. நான் பேசாமலே இருந்தாலும் வைத்துவிடாதே.

அவசரத்தில்,
உன் மகன்