சரண்டர் செய்ய என்னிடம் லீவு இல்லை

எளாவூர்,
ஆடி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் மோகன்ராஜுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம், முழங்கால் வலி உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நீயும் சுமலதாவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்து அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன், ஆடிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றேன், அதற்காக நீ திட்ட வேண்டாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி கனடாவில் குடியுரிமைப் பிரமாணம் எடுக்க நான் வரப்போவதில்லை. நீ அனுப்பிய டிக்கெட்டை கேன்சல் செய்துவிடு.

உன் அப்பா போன பிறகு நீ என்னை அழைத்துக்கொண்டு போய் நான்கு குளிர்காலம் வைத்திருந்தாய், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சுமலதா குனிந்து என் காலில் சாக்ஸ் மாட்டிவிட்ட பெண். அந்த விண்ணப்பத்தை நீட்டி, வயசானவங்களுக்குப் பரீட்சைகூடக் கிடையாதும்மா, கையெழுத்து போட்டா போதும், நம்ம பாஸ்போர்ட்ட மட்டும் அப்புறமா சரண்டர் பண்ணணும் என்று நீ சொன்னபோது நான் யோசிக்காமல் போட்டுக் கொடுத்தேன். ஏன் தெரியுமா. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவளுக்கு சரண்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். வருஷத்துக்குப் பதினைந்து நாள் லீவை சரண்டர் செய்வோம், அந்த நாட்களுக்குச் சம்பளம் வரும், லீவு போகும், வேலை அப்படியே இருக்கும். பாஸ்போர்ட்டும் அப்படித்தான் போலிருக்கிறது, புத்தகத்தைக் கொடுத்தால் பதிலுக்கு ஏதோ தருவார்கள், நான் நானாகவே இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சரண்டர் பண்ணா இன்னாடா தருவாங்க என்று நான் கேட்டதற்கு நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

தை மாதம் ஆறு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆடி வந்துவிட்டது. வந்த வாரமே செக்‌ஷன் ஆபீசுக்குப் போய் நம் வீட்டு ரீடிங் என்ன என்று கேட்டேன், தொழில் புத்தி போகுமா. என் இடத்துக்கு வந்திருக்கும் குப்புராஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். நான்கு வருஷமாக டோர் லாக், டோர் லாக் என்றே இருந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அப்படித்தான் பதிவோம், நானே எத்தனையோ வீட்டுக்குப் பதிந்திருக்கிறேன். நம் வீட்டுக்கும் அதுதானா என்று நம்பாமல் இன்னொரு முறை முதலிலிருந்து காட்டச் சொன்னேன். போன ஆனியில் உன் பெரியம்மா பூவம்மாள் வந்தாள். பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவளால் தனியாகப் பயிர் வைக்க முடியவில்லை, மகளோடு சூலூர்ப்பேட்டைக்குப் போகிறாள், தன் பங்கு எழுபது சென்ட்டையும் விற்கப்போகிறாள். பாகம் பிரித்தபோது கிணறு அவர்கள் பக்கம் போனது உனக்குத் தெரியும், நம் ஒன்றேகால் ஏக்கரும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது, இந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். விலை பேசியிருப்பவன் செக்போஸ்ட் பக்கம் லாரி நிறுத்த இடம் தேடுகிறவன். மண்ணடித்துக் கிணற்றை மூடிவிடுவான், அப்புறம் நம் நிலத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ள வேண்டியதுதான். தமிழு, நீ எடுத்துக்கினா உனக்கே தரேன், அந்த ஆளு ஆவணி பொறந்தா பத்திரம்னு சொல்லிக்கினு கீறான் என்றாள் பூவம்மாள்.

கும்மிடிப்பூண்டியில் பத்திரம் எழுதும் சின்னதுரையிடம் போனேன், நம் பாகப்பிரிவினையை எழுதியவர் அவர்தான். சீக்கிரம் எழுதுங்கள், பையன் என்னைக் கனடாக்காரியாக்கப் போகிறான், ஆகஸ்டில் போக வேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னாம்மா சொல்றீங்க, அங்க பிரமாணம் எடுத்தா இங்க குடியுரிமை போச்சு, ரெண்டையும் வச்சிக்கினு இருக்க நம்ம சட்டத்துல இடமில்ல, ஓட்டும் கிடையாது, வெளிநாட்டுக்காரரா மாறுனவங்களுக்குத் தர்ற ஓசிஐ அட்ட வாங்கிக்கினு வரலாம் போலாம், எத்தினி வருசம் வோணும்னாலும் தங்கலாம், இருக்குற நெலம் இருக்கும், ஆனா புதுசா வயலு ஒரு சென்ட்டுகூட வாங்க முடியாது என்றார். அப்படியானால் பிறகு என் பையன் வாங்கிக்கொள்ளட்டுமே என்றேன். பையன் கையில எந்த ஊரு பாஸ்போர்ட்டு என்று கேட்டார். நீ இரண்டு வருஷம் முன்பே மாறிவிட்டாய் என்றேன். அப்போ அவரும் வாங்க முடியாது, உங்களாண்ட இருந்து வாரிசா வந்தாதான் உண்டு என்றார். நீங்கள் இருவரும் அன்று எதற்குச் சிரித்தீர்கள் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை பத்திரம் பதிந்துவிட்டேன். ஆடியில் யாராவது நிலம் பதிவார்களா என்று தெருவே கேட்டது, விற்கிற பூவம்மாளே தயங்கினாள். அந்த லாரிக்காரன் ஆவணிக்குக் காத்திருந்தால் காத்திருக்கட்டும், ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் நிலம் வாங்க மட்டும் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஆடிக்குப் பயந்து வீட்டில் இருந்ததால் பதிவு ஆபீசில் ஈ காக்கை இல்லை, வேலை சீக்கிரம் முடிந்தது.

இப்போது நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நிலம்தான் வாங்கிவிட்டாயே, இனி வந்து பிரமாணம் எடு என்பாய். சின்னதுரையும் அதையேதான் சொன்னார், சட்டப்படி அதில் தப்பில்லையாம். தப்பில்லாவிட்டாலும் மாட்டேன். வராமல் இங்கேயே இருந்தால் அங்கே தங்கும் உரிமையும் போகும், பிறகு விசா கேட்டு வரிசையில் நின்று விருந்தாளியாகத்தான் உன் வீட்டுக்கு வர முடியும், அதுவும் தெரியும். நிற்கிறேன், ரேஷன் கடையில் நிற்காத காலா. நான் விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாய். ஒன்றை உன்னிடம் மறைத்தேன், சித்திரையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு நர்ஸ் கிரேஸ்தான் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள், எலும்பு தப்பியது. மூன்று நாள் உன் பேரைச் சொல்லி அழுதேன். பயமில்லை என்று பொய் எழுத மாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் பயம் போகுமா, பாஸ்போர்ட்தான் போகும். அறுபத்தைந்து வயதில் என் சொந்த வீட்டில் குடியிருக்க நான் ஏன் ஒரு அட்டையை நீட்ட வேண்டும். உத்தியோகத்தில் நான் சரண்டர் செய்ததெல்லாம் லீவு, இப்போது என்னிடம் லீவும் இல்லை.

நீ மாறியது தப்பென்று சொல்லவில்லை, உன் பிழைப்பு அங்கே. ஆனால் நம் இரண்டு பேரில் ஒருவராவது இந்த ஊரில் நிலம் வாங்கக்கூடியவராக இருக்க வேண்டாமா. எத்தனை சம்பாதித்தாலும் நீ இந்த வயலை விலைக்கு வாங்க முடியாது மோகன், என் வழியாக வந்தால்தான் உனக்கு. அதுவரை கிணறும் இருக்கும், நானும் இருப்பேன். கோபம் இருந்தால் இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் போன் செய்துவிடு, அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது. சுமலதாவை ராத்திரி வேலைக்குக் காலி வயிற்றோடு அனுப்பாதே. நீ பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், யார் சொன்னது என்று கேட்காமல் போட்டுக்கொள்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் சரி. போன வாரம் குப்புராஜ் ரீடிங் எடுக்க வந்தான், இன்னாக்கா, இனிமே இந்த ஊட்டுக்கு டோர் லாக் போட முடியாது போலகீதே என்றான். போடவே முடியாது என்றேன். பொங்கலுக்கு வா. மறக்காமல் உன் ஓசிஐ அட்டையை எடுத்துக்கொண்டு வா, ஏர்போர்ட்டில் கேட்பார்கள். நம் வீட்டு வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு
உன் அம்மா,
அ. தமிழ்செல்வி
(மின்வாரியம், ஓய்வு. வேறு எதிலிருந்தும் இல்லை.)