பன்னிரண்டாம் அறைக்குக் காலை மருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அப்பா இருந்த முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் அக்கா எழுதுகிறேன். நீங்களும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். சின்னவனுக்கு இருமல் என்றீர்களே, விட்டுவிட்டதா? ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்றைக்குப் போனில், "மறைக்காம சொல்லுங்கக்கா, என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் மேலாளர் அம்மா நின்றார்கள். இன்று எனக்கு வார விடுமுறை. துணியை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா இருந்தால் பொறுத்திருக்க மாட்டார். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர் இல்லையா? எங்கள் சாப்பாட்டுக்கூடத்தின் கரும்பலகையை அவர் சும்மா விட்டதே இல்லை. யாராவது ஒரு ஒற்றெழுத்தை விட்டுவிட்டால், தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக்கட்டியால் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். என் மருந்து வண்டியில் ஒட்டியிருந்த தாளில் 'மருந்து பதிவேடு' என்று இருந்தது. வந்த முதல் நாளே, "ஒரு 'ப்' தொலைஞ்சு போச்சேம்மா, தேடிக் கொண்டா" என்றார். உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் மருந்து சாப்பிடும் அழகை நீங்கள் பார்த்ததில்லை. அம்மாவின் மாத்திரையை அப்பாதான் வாங்கித் தருவார். அம்மா விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் தன்னுடையதற்குக் கையை நீட்டுவார். மறதி எவ்வளவோ வந்தது. என்ன மாதம் என்பது போயிற்று, அச்சகத்தின் பெயர் போயிற்று. இந்த வரிசை மட்டும் ஒரு நாளும் மாறவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் தவறியபோது அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். அவரை அழைத்துப்போக முடியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நீங்களும் உடனே வர முடியாத நிலைமை. அப்போது நீங்கள், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா, அவர் தாங்க மாட்டார்" என்று அழுதீர்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "ஆச்சுய்யா" என்றேன். அவர் கையை நீட்டினார். அவ்வளவுதான். நான்கு மாதம் தினமும் இந்தக் கேள்வி, இந்தப் பதில். சொல்லிச் சொல்லி எனக்கே அது பொய் என்பது மறந்துவிட்டது.

புதிதாக ஒரு உடற்பயிற்சிக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான். விவரம் தெரியாமல், "அம்மா போனதைக் கேட்டு வருத்தமா இருந்துச்சுய்யா" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் உள்ளே போகிறேன். அப்பா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "தினமும் ஆச்சு ஆச்சுன்னியே, யாருக்கும்மா குடுத்தே?" என்று கேட்டார். நான் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மா இறந்தது அவருக்கு நினைவில்லை. ஆனால் என்னை நம்பக் கூடாது என்பது நினைவிருந்தது. "ஆச்சுய்யா" என்றதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். "நீ பொய் சொல்றே" என்றார். சேதி மறந்தாலும் சேதி கொடுத்த அடி மறக்காது, மறதி வியாதி அப்படி என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள் ஒரு மாத்திரையும் உள்ளே போகவில்லை. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை வேறு. அதை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவ சாப்பிட்டாளா?" என்றார். "அம்மா இல்லைய்யா. போன மழைக்காலத்துல தவறிட்டாங்க" என்றேன். குழந்தை மாதிரி அழுதார் தங்கச்சி. நான் கூட இருந்தேனா என்று கேட்டார். காய்ச்சலில் இருந்தீர்கள் என்றேன். பொண்ணு வந்தாளா என்று கேட்டார். வழி கிடைக்கவில்லை, போனில் அழுதுகொண்டே இருந்தாள் என்றேன். என்ன புடவை கட்டினார்கள் என்றுகூடக் கேட்டார். பச்சை என்றேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். எல்லாவற்றையும் விழுங்கினார்.

மறுநாளும் அதே கேள்வி. நானும் அதையே சொன்னேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. ஒரு மனுஷனுக்குத் தினமும் காலையில் பெண்டாட்டி செத்த சேதியைச் சொல்லி, பிறகு மாத்திரை கொடுப்பது என்ன வேலை என்று நினைத்துப் பாருங்கள். பதினைந்து நாள் செய்தேன். அறைக்குள் நுழையும் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்துதான் கேட்கவில்லை. அது என் தப்பு.

பதினாறாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "அவ இல்ல, இல்லம்மா?" என்றார். அன்றுதான் முதல் தடவை அவராகச் சொன்னார். அழுகையும் முன்போல் இல்லை, சத்தமில்லாமல் வழிந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. அவர் குரலைக் கேட்டுப் பதறினீர்கள். தினமும் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டதும், "தினமும் எங்கப்பாவ அழ வைக்கத்தான் உங்களுக்குச் சம்பளமா?" என்று என்னைக் கேட்டீர்கள். மேலாளரிடமும் புகார் சொன்னீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. என் அப்பாவாக இருந்து, நான் அத்தனை தூரத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று மாலையே என்னை மாடிக்கு மாற்றினார்கள். பன்னிரண்டாம் அறைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். அவளுக்கு மேலாளர் சொல்லிக்கொடுத்த பதில் "ஆச்சுய்யா". நான் அவளிடம் ரகசியமாக, உண்மையைச் சொல்லிவிடு, அப்போதுதான் வாங்குவார் என்றேன். "என் வேலை போயிடும்க்கா" என்றாள் பாவம். பதிவேட்டில் மருந்தை விழுங்காதவர்களுக்கு 'ம' என்று எழுதுவோம், மறுத்தார் என்று அர்த்தம். அவர் பக்கத்தில் ஒன்பது நாள் 'ம' இருந்தது. பொடி செய்து கஞ்சியில் கலந்தார்கள். இரண்டாம் வேளையே கண்டுபிடித்துவிட்டார். கஞ்சியும் நின்றது.

இதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மாடியிலிருந்து அவர் அறைக்கு இருபது படி. என் ஓய்வு நேரத்தில் இறங்கிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். தினமும் மாடிப்படி வரைக்கும் வந்தேன். எனக்கும் வேலை போய்விடும் என்று பயம். அதனால் திரும்பிப் போனேன். அதற்கு உங்கள் புகார் காரணமில்லை. நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள். நான் இருபது படி மேலே இருந்தேன்.

பத்தாம் நாள் சாப்பாட்டுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். மணிச்சத்தம் கேட்டு அன்றைக்குத்தான் இறங்கி ஓடினேன். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சில்லை. மாத்திரை எடுத்திருந்தாலும் வந்திருக்கலாம், யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் வேலை முடிந்ததும் போய் உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை, அதை நிச்சயமாகச் சொல்கிறேன். உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிட்டேன், தலையை வாரிவிட்டேன். கடைசி நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. குனிந்து காதருகில், "உங்க பொண்ணு கிளம்பிட்டாய்யா, வந்துக்கிட்டே இருக்கா" என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

நீங்கள் கிளம்பினீர்களா, கிளம்ப முடிந்ததா என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களால் கிளம்ப முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் அறையை மாதக் கடைசி வரை வைத்திருப்பார்கள். சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொன்னீர்களாம், மேலாளர் அம்மா என்னைத்தான் கட்டச் சொன்னார்கள். நான் இன்னும் கட்டவில்லை. கட்ட மாட்டேன். ஒரு நாளுக்காவது வந்துவிட்டுப் போங்கள். தங்க என் வீடு இருக்கிறது, சின்ன வீடுதான், படுக்க இடம் இருக்கும். அம்மாவையும் அப்பாவையும் எங்கே அடக்கம் செய்தோம் என்று நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

அந்த மனுஷரிடம் நான் நிறையப் பொய் சொல்லிவிட்டேன். கடைசியாகச் சொன்னது ஒன்றாவது பொய்யாகிவிடக் கூடாது. எப்போது முடியுமோ அப்போது வாம்மா.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அக்கா