உழுத சரிவில் மறுபடியும் புல்

என் கோபக்காரத் தங்கச்சி வசந்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு மூட்டுவலி முன்னைக்குக் கம்மி. கோமுகி அணையில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். மரவள்ளிக்குத்தான் மாவுப்பூச்சி. ஆனால் நீ இதில் எதையும் கேட்கப்போவதில்லை. "மேல சரிவு இன்னாச்சுண்ணா?" என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது உன்னிடம் மறைத்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். நான் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு போட்டு, டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவன். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தைலமரம் வெட்டிய ஒரு சரிவு மொட்டையாகக் கிடந்தது. ஊர் மாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடும். பார்த்தீனியத்தைத் தவிர வேறொன்றும் தலைகாட்டாது. அங்கே பழைய புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று நீ அந்த ஊர்க்காரர்களிடம் சொன்னாய். அவர்களும் உன்னை நம்பி மூன்று வருஷம் மாடு விடாமல் சரிவை உன்னிடம் ஒப்படைத்தார்கள். மேய்ச்சலை விட்டுக்கொடுப்பது மாடு வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்!

இரண்டாவது வருஷம் ஆடியில் உனக்கு மூச்சுத்திணறல் வந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் ஒரே புலம்பல். "மழ வந்துட்டிருக்கும்ணா. நான் இங்க படுத்துக்கினு இருக்கேனே."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே டிராக்டரை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மேலே போய் உன் சரிவைச் சுற்றிப் பார்த்தேன். அங்கொரு கொத்து, இங்கொரு கொத்து என்று முழங்கால் உயரம்கூட இல்லாத புல். நடுவில் என்னென்னவோ செடிகள். ஒன்றரை வருஷ உழைப்புக்கு இதுதானா? நாம் உழுது, உரம் போட்டு, தீவனச்சோளம் விதைத்துவிட்டால் தங்கச்சி குணமாகி வந்து பார்க்கும்போது பச்சைப்பசேலென்று நிற்குமே என்று நினைத்தேன். நினைத்தபடியே செய்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு கொத்து விடாமல் உழுதேன். மணிச்சத்து நிறைந்த டிஏபி உர மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினேன்.

உழ ஆரம்பிக்கும் முன் பொன்னம்மா வந்தார். ஊர் மாட்டுக்காரர்களைப் பேசி உனக்காகச் சம்மதிக்க வைத்தவர் அவர்தானே. கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சரு சொன்னாங்களா தம்பி?"

"ஆமா, சொல்லித்தான் அனுப்பிச்சுது" என்றேன்.

நான் மறைத்தது அதுதான் வசந்தி. உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் உன்னிடம் கடைசிவரை சொன்னேன். கேட்ட ஒருத்தருக்குப் பொய் சொல்லிவிட்டுச் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நீ வந்து பார்த்தபோது சோளம் ஆளுயரம் நின்றது. நான் பெருமையோடு உன் முகத்தைப் பார்த்தேன். நீ சரிவின் ஓரத்தில் உட்கார்ந்தாய். மண்ணை ஒரு பிடி அள்ளி, உடைத்து, மோந்து பார்த்தாய். "இன்னா பண்ணிட்டண்ணா" என்றாய். அவ்வளவுதான். பஸ்ஸில் மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு நான் பேசிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் திரும்பவே இல்லை. பத்து நாள் என்னோடு பேசவில்லை.

பதினோராம் நாள் அண்ணியின் ரசச்சட்டியில் புல்வேரைப் போட்டு வேகவைத்தாய். ஏதோ காரக் கரைசலில் வெளுக்கவைத்து, பிறகு வினிகரில் பேனா மையைக் கலந்து ஊறப்போட்டாய். "அந்தச் சட்டி இனிமே வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அண்ணி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ கண்டுகொள்ளவே இல்லை. கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிவந்த நுண்ணோக்கியின் முன் என்னை உட்கார வைத்தாய்.

"இன்னா தெரியுது?"

"நீலமா மரம் மாதிரி இருக்குது. வேருக்குள்ள ஏது மரம்?"

"மரமில்லண்ணா. பூஞ்சை."

"ஊறுகாய்ல பூக்குமே, அதுவா?"

அப்போதுதான் நீ சிரித்தாய். எனக்கு உயிர் வந்தது. பிறகு நிதானமாகச் சொன்னாய். வேர் போக முடியாத இடுக்கிலெல்லாம் அந்தப் பூஞ்சையின் நூல் நுழைந்து மணிச்சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். புல் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குத் தரும். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வகைப் பூஞ்சையோடு நன்றாக ஒத்துப்போகும். அதனால் பலவிதச் செடி இருந்தால் பலவிதப் பூஞ்சை வாழும். பலவிதப் பூஞ்சை இருந்தால்தான் அத்தனை செடியும் நிலைக்கும். மண்ணைக் கட்டிப்பிடித்து வைப்பதும் அந்த நூல்தான்.

"நீ கலப்பையால நூலை அறுத்துட்ட. மணிச்சத்த மூட்டையா கொட்டிட்ட. இனிமே பூஞ்சைக்கு எதுக்குச் சோறு போடணும்னு செடியும் வுட்டுடும்" என்றாய். திட்டும் தொனியே இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

"திரும்ப வருமா பாப்பா?"

"வரும். வர்றதுக்கு நாளாவும்."

அந்தத் தை மாதம் நீ போய்விட்டாய்.

அடுத்த மழையில் சரிவு நீ சொன்னபடியே ஆனது. சோளத்தட்டை போன இடத்தில் மண் ஓடி, சாண் ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்தது. மீதி இடமெல்லாம் பார்த்தீனியம். உன் கருமாதிக்கு வந்தவர்களில் ஒருவர், அந்த ஊரில் மறுபடியும் மாட்டைத் திறந்துவிடப் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். எந்த முகத்தோடு போவது? ஆனாலும் போனேன். பொன்னம்மா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உழச்சொல்லி நீ சொல்லவே இல்லை என்பதையும்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா? பின்ன ஏன் வுட்டீங்க?"

"ஏர் ஓட்டக்கூடாதுன்னு டீச்சரு எங்களாண்ட எத்தினி தரம் சொல்லியிருக்காங்க. ஆனா தங்கச்சி ஆஸ்பத்திரில கெடக்குது, அதுக்கு எதுனா செய்யணும்னு வந்து நிக்கிற ஆள இன்னான்னு சொல்லித் திருப்பி அனுப்புறது? எனக்கு வாயி வரல." வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்: "தப்பு ஒம்மேல மட்டும் இல்ல தம்பி. வா, பாப்போம்."

உன்னோடு வேலை பார்த்த நிஷா டீச்சரை நான் போய்ப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் அவர்கள் அப்பாவின் ஜவுளிக்கடை மாடியில்தான் வீடு. உன் பேரைச் சொன்னதும் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ செய்ய நினைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். உச்சிப்பாறையைச் சுற்றி மாடு ஏற முடியாத இடத்தில் பழைய புல்வெளி கொஞ்சம் பிழைத்திருக்கிறது அல்லவா? அங்கிருந்து வேரோடு சேர்ந்த மண்ணை, அந்த இடத்துக்குக் காயம்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சரிவில் சின்னக் குழி தோண்டி, குழிக்கு ஒரு பிடி அந்த மண்ணைப் போட்டு, ஊசிப்புல், சுக்குநாறிப்புல், கொழுக்கட்டைப்புல், காட்டுக்கொள்ளு என்று கலந்து நட வேண்டும்.

"பாதிக்கு அந்த மண்ணைப் போடாம வெறுங்குழில நடுங்கண்ணா. அப்பத்தான் எது வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியும்."

நான், பொன்னம்மா, இன்னும் ஏழெட்டுப் பெண்கள். டிராக்டரைக் கீழே அடிவாரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில்தான் போனேன். கூடையைத் தலையில் வைத்துப் பாறையிலிருந்து இறங்கும்போது முழங்கால் கழன்றுவிடும். முதல் வருஷம் முழுக்க இரண்டு பாதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சோகை. எனக்குள் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஒரு கை யூரியா தெளித்தால் என்ன?

பொன்னம்மாவிடம் கேட்டும்விட்டேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டுபோய்த் தன் வாழைக்கு வைத்துவிட்டார்.

இரண்டாவது மழைக்குப் பிறகு அந்த வித்தியாசம் வந்தது வசந்தி! மண் போட்ட பாதியில் புல் தூர்கட்டிப் பரவியது. வெறுங்குழிப் பாதியில் மூன்றில் ஒன்று காய்ந்தே போயிற்று. இந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் நாலு நாள் அடித்ததே, அந்த மழையில் மண் போட்ட பாதியிலிருந்து தெளிந்த தண்ணீர் இறங்கியது. பக்கத்துப் பாதியிலிருந்து செம்மண் குழம்பு. இரண்டுக்கும் நடுவில் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். அழுதேன் என்று சொன்னால் நீ நம்புவாயா?

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் உர மூட்டையை இறக்கிவைத்த கீழ்மூலையில் இன்றைக்கும் பார்த்தீனியம்தான். ஆனால் மேலே, நாங்கள் நடாத செடிகள் எட்டிப்பார்க்கின்றன. ஊரில் மாட்டைத் திறந்துவிடும் பேச்சு நின்றுவிட்டது. முற்றிய புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வருகிற கோடையில் பக்கத்துச் சரிவுக்கும் கூடை தூக்கலாமா என்று அவர்களே கேட்கிறார்கள்.

போன வாரம் நிஷா டீச்சர் மலைக்கு வந்திருந்தார்கள். புல்லை விலக்கிக்கொண்டே வந்தவர்கள் சட்டென்று மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு குழிகளுக்கு நடுவில், தரையோடு ஒட்டிய இரண்டு பச்சை இலை. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆர்க்கிட்ங்கண்ணா. தரையில வளர்ற வகை. இதோட விதை தூசி மாதிரி, உள்ள சாப்பாடே இருக்காது. அதுக்குன்னு ஒரு பூஞ்சை இருக்கு. அது வந்து ஊட்டினாத்தான் முளைக்கும். யாராலயும் இதை நட முடியாது."

"அப்ப அந்தப் பூஞ்சையும் வந்துட்டுதா?"

"வராம இது எப்டி நிக்கும்?"

எப்போது பூக்கும் என்று கேட்டேன். ஒரு வருஷமோ, மூன்று வருஷமோ, சொல்ல முடியாதாம். அடையாளத்துக்கு அதன் பக்கத்தில் ஒரு குச்சிகூடப் பொன்னம்மா நடவிடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான் கண்ணு. ஆடிக்கு ஆடி போய்ப் பார்ப்பேன். தண்ணீர் ஊற்ற மாட்டேன், கொத்திவிட மாட்டேன், கைகூட வைக்க மாட்டேன். அது பூக்கிற வரைக்கும் காத்திருப்பேன்.

கடைசி வரைக்கும் உன்,
ஏழுமலை அண்ணன்