குமிழி கிளம்பின இடம்

என் வீட்டுக்கார மெக்கானிக் ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

காரிலிருந்து நீங்கள் கழற்றிய, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் அந்த இன்டர்கூலர் இன்னும் குளியல் தொட்டியில்தான் கிடந்தது. குளிக்க வேண்டுமே என்று எடுக்கப் போனேன். கை சும்மா இருக்கவில்லை. நீங்கள் செய்வதுபோலவே பம்பால் காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன்.

குமிழி வந்தது. ஆனால் நீங்கள் பசை போட்ட விரிசலிலிருந்து இல்லை. இன்டர்கூலரின் வாயை அடைக்க டேப் சுற்றி ஒரு டப்பா மூடியை மாட்டினீர்களே, அங்கிருந்து கிளம்பி, தகட்டோடு ஊர்ந்து போய், பசைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. மூடிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கினேன். அப்புறம் ஒரு குமிழிகூட இல்லை.

ஆக, முதல் தடவையே நீங்கள் ஒழுங்காகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். அதைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி ஒட்டியதும் வீண், "நீ வாங்கிட்டு வந்த பசையே சரியில்ல" என்று நேற்று வீடு அதிரக் கத்தியதும் வீண்.

நன்றாகக் காயவைத்து வண்டியில் மாட்டுங்கள். சாயங்கால ரயிலில் அத்தை வருகிறார்கள்.

பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

குழாய் கிளாம்ப்பை இறுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில், டியூட்டி முடிந்து நிற்கும் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அத்தை எதிரில் நான் பேசித்தான் ஆக வேண்டும். ஸ்டேஷன் வரும்வரைதான் என் கோபம். சீக்கிரம் வந்துவிடுங்கள்.