இலையில் வைத்த கலர் பாட்டில்

நேற்று உங்கள் வருஷப் படையல். கறிக்குழம்பு, வடை, வெற்றிலை பாக்கு எல்லாம் இலையில் வைத்தாயிற்று. அப்போதுதான் உங்கள் அக்கா பையிலிருந்து அந்த ஆரஞ்சு கலர் பாட்டிலை எடுத்தார். "என் தம்பிக்கு உசுரு இது" என்று மூடியைத் திருகி இலை ஓரமாக வைத்தார். உஸ்ஸென்று காற்று கிளம்பியது, கூடவே அந்த வாசனை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஒரு காலத்தில் அந்த வாசனை எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊர் உறுவையாற்றில் கரும்பு வெட்டு முடிந்ததும் ஆண்கள் நேராகச் சாராயக்கடைக்குப் போவார்கள். நீங்களும் போவீர்கள், ஆனால் கலர் மட்டும்தான் குடிப்பீர்கள். "பச்சப்புள்ளைக்குப் பாட்டில் குடுங்கடா" என்று அவர்கள் கேலி செய்ததை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். தெருவில் பாதிப் பெண்கள் புருஷனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவருவார்கள். என் புருஷன் வாயில் ஆரஞ்சு மணக்க நிமிர்ந்து நடந்து வருவார். எனக்குத் தலைகால் புரியாது. அந்த மிதப்பில்தான் வீட்டிலும் வாங்கி அடுக்கினேன். ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. கழனிக்குப் போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று, சோற்றோடு ஒன்று. "ஜில்லுனு ஒண்ணு குடு" என்று நீங்கள் முடிப்பதற்குள் கையில் கொண்டுவந்து கொடுப்பேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது எறும்பு. தோட்டத்துப் பக்கம் நீங்கள் ஒன்றுக்குப் போன இடத்தில் கருப்பாக மொய்த்துக் கிடந்தது. பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். உங்களிடம் வாய் திறக்கவில்லை. சர்க்கரை என்று தெரிந்தால் கலரை நிறுத்தச் சொல்வார்கள். அதை நிறுத்தினால் நீங்களும் மற்றவர்களைப் போலச் சாராயத்தில் கை வைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். தூ, என்ன பயமோ அது.

பிறகு கால் கட்டைவிரலில் முள் குத்தி ஆறாமல் போன புண். கட்டைப் பிரித்தால் வருமே ஒரு நாற்றம், அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "குடிப்பாரா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு சொட்டு தொட மாட்டாருங்க."

"வேற என்ன குடிப்பாரு?"

"கலரு குடிப்பாரு. நாளைக்கு நாலஞ்சு. அதுல இன்னாங்க இருக்குது?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விரலோடு போகவில்லை, பாதிக் காலை எடுத்தார்கள்.

அப்புறம்தான் விட்டீர்கள். முதல் வாரம் முழுக்கத் தலைவலி, எரிச்சல். சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தீர்கள். "ஒரே ஒரு வாய்டி" என்று கெஞ்சினீர்கள். நான் அசையவில்லை. ஒரு மாதம் போனபின், பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "இன்னாடி இது, வெறுந்தண்ணியே இனிக்குது!" அன்றைக்கு உங்கள் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. ஆனால் கிட்னி அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

நேற்று கற்பூரம் காட்டி முடித்ததும் நம் மகன் டம்ளர்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தான். படைத்ததைப் பங்கிட வேண்டுமே. அவனும் உங்களைப் போலத்தான், சாராயத்தைத் தொடாமல் கலரைக் குடித்துவிட்டு வருகிறான். அதில் அவனுக்கும் பெருமை. உங்கள் அக்கா மூக்கைச் சிந்தினார். "ஒரு சொட்டு தொடாத மனுஷன். அவனுக்குப் போயி இப்பிடி ஒரு சாவு."

ஒரு வருஷமாக இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். நேற்று முடியவில்லை.

"குடிச்சாரு அண்ணி. தெனமும் குடிச்சாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கவிழ்த்தேன். பிசுபிசுவென்று கையிலும் வழிந்தது. எத்தனை கழுவியும் அருவருப்பு போகவில்லை. இலை ஓரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டம்ளர்களைத் திரும்ப அடுக்கினான். "அப்பாவுக்குப் புடிச்சதும்மா அது" என்றான், அவ்வளவுதான்.

இன்று காலை, கலரைக் கவிழ்த்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கருப்பாக எறும்பு மொய்த்துக் கிடந்தது. கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. எடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். உங்களிடம் சொல்லாமல் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்ததை அவனிடம் சொன்னேன்.

"உங்கப்பா ஒண்ணுக்குப் போன எடத்துலயும் இப்பிடித்தான்டா மொய்ச்சிது. நான் பாத்தேன். பாத்துட்டு, தண்ணி ஊத்திக் கழுவி வுட்டுட்டேன்."