நீலக் கதவு வீட்டுப் படம்

அன்பு மகன் ரொடெலியோவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அப்படி இருக்கிறாயா என்பதுதான் தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்க எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நீ மனாங் என்று கூப்பிடுகிற கரிதாத் அக்காவின் தம்பி மகள் வியாழக்கிழமை கனடாவுக்கு, நீ இருக்கிற வின்னிபெக்குக்கே கிளம்புகிறாள். வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே, அவன் கையிலேயே கொடு, முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

புயலில் பறந்த சமையலறைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் சர்ச்சில் பூசைக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். உன் நாய் புதோய்க்கு வயதாகிவிட்டது, வாசலில் ஜீப் நின்றால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. இதெல்லாம் எழுத உட்காரவில்லை. அந்த எட்டு மணி நாடகத்தைப் பற்றி உனக்கும் தெரிந்திருக்கும். நம் நாட்டுச் சிநேகிதர்கள் ஐந்து பேர் கனடாவில் ஒரு வீட்டின் நிலவறையில் சேர்ந்து இருக்கிற கதை. நம் வீட்டு டிவி பெரியது என்று பாதித் தெரு இங்கேதான் உட்காருகிறது. பார்ப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். ஜீப் ஓட்டுகிற தெரோய், அவ்வளவு குளிர்ல ஒருத்தனுக்காவது மூக்கு ஒழுகுதா பாருங்க, எல்லாம் மணிலாவுல ஐஸ்பெட்டியத் திறந்து வெச்சு எடுத்திருப்பானுங்க என்பான். மனாங் கரிதாத்துக்கு அந்த ஐந்து பேரில் அம்போய் என்றால் உயிர். அந்தப் புள்ள மட்டும் என் வயித்துல பொறந்திருந்தா கனடாவுக்கு விட்டிருக்கவே மாட்டேன் என்று மூக்கைச் சிந்துவாள். பெற்ற மகன் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு எட்டிப் பார்ப்பதில்லை, அது வேறு.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அந்த அம்போய், தான் கூட்டித் துடைக்கிற வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து, இதுதான் என் வீடு என்று தாய்க்கு அனுப்புவதாகக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தெரோய் மட்டும் நம் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை, உன் வீடு என்று நீ அனுப்பிய நீலக் கதவுப் படத்தை, ஒரு பார்வை பார்த்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் உன் அப்பன் என்று உனக்குத் தெரியாததா. நாடகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போய், இதை எழுதியவன் கனடாவைக் கண்ணால் கண்டதில்லை, எங்கள் பிள்ளைகளைக் கேவலப்படுத்துகிறான், என் மகன் அங்கே எப்படி வாழ்கிறான் என்று பாருங்கள் என்று பெயர் ஊரோடு எழுதி, நீ அந்த நீலக் கதவுக்கு முன்னால் நிற்கிற படத்தையும் போட்டேன்.

மறுநாள் காலை அதற்கடியில் ஜெரிக் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அங்கிள், நானும் உங்க மகன் டெல்யோ குயாவும் ஒரே ரூம்ல இருக்கோம், அந்தக் கதவு நாங்க கூலிக்குப் பனி வழிக்கிற வீட்டுக் கதவு, அவரத் தப்பா நினைக்காதீங்க, எனக்கு ஜுரம் வந்தப்ப இஞ்சி போட்டுக் கஞ்சி வெச்சுக் குடுத்ததே அவர்தான் என்று. உன்னை அண்ணன் முறை வைத்துக் குயா என்கிறான், நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறான், அவனைத் திட்டாதே. ஆனால் அதற்கு எண்ணூறு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். நான் அழிப்பதற்குள் நம் தெருவில் பார்க்காதவர் பாக்கியில்லை. சுவரிலிருந்தும் படத்தைக் கழற்றப் போனேன். உன் அம்மா விடவில்லை. அது இருக்கட்டும், நீங்க கதவத்தானே பாத்தீங்க, படியப் பாருங்க, ஒரு பொட்டு பனி இருக்கா, எம்புள்ள வழிச்சது என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மகனே. உன்னால் அல்ல, என்னால்.

அன்றிலிருந்து நான்கு ஞாயிறு போய்விட்டது, நீ கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நல்லா இருக்கேன், வேலை அதிகம், கவலைப்படாதீங்க என்று எழுத்தில் மட்டும் வருகிறது. கோபம், ஆறிவிடும் என்றுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை நாடகத்தில் அம்போய் செத்துப்போனான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே. தாய்க்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மற்ற நான்கு பேரும் அவனுடைய போனிலிருந்து, நல்லா இருக்கேன்மா, வேலை அதிகம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இது நம்புற மாதிரியா இருக்கு, பெத்தவளுக்குத் தன் புள்ள எழுத்து தெரியாதா என்று தெரோய் சிரித்தான். உன் அம்மா எழுந்து போய், ஏற்கெனவே சோறு ஆக்கியிருக்க, மறுபடி உலை வைத்தாள்.

அப்புறம் நான் உன் செய்திகளையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் எதை மறந்தாலும் புதோய் சாப்பிட்டதா என்று கேட்பாய். இந்த நான்கு வாரத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த ஜெரிக்குக்கு எழுதிக் கேட்டேன். குயா நல்லா இருக்காரு அங்கிள் என்றான். நாடகத்திலும் சிநேகிதர்கள் அதைத்தான் சொன்னார்கள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ சிரித்தால் சிரி, எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழ வேண்டும்.

இன்னொன்று. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். கரிதாத், தெரோய், அவன் பெண்டாட்டி, எல்லோரும் சுற்றி நிற்பார்கள். வீட்டப் பத்திச் சொல்லுடா, எத்தன ரூம்டா என்று நான்தான் கேட்பேன், அவர்கள் காதில் விழ வேண்டும் என்று. நீ ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் சொல்வாய். அந்த ஒரு நிமிஷத்தை நான் லைன் கோளாறு என்று அவர்களிடம் சொல்வேன். உண்மையைச் சொல்ல உனக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

வெறும் வயிற்றில் காப்பி குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. காலுக்கு இரண்டு ஜோடி கம்பளி உறை போடு. பனி வழிக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து வழி, அங்கே இருக்கிறவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். அந்த ஜெரிக்கையும் பார்த்துக்கொள். ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூடவே இருக்கட்டும், உன் அம்மா தினமும் அதைத்தான் மண்டியிட்டுக் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. தெருவில் எல்லோரிடமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் பேச வேண்டாம், திட்டவாவது திட்டு. ஸ்பீக்கர் போட மாட்டேன், காதோடு வைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
கிரிஸாந்தோ